பதில்: குலசேகரம் பால்வெட்டுத் தலைவிளக்கு, எந்தத் துறை ஆய்வு?

குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் தலையில் கட்டும் விளக்கை ஆய்வு செய்யப் போவதாகவும், கூகுள் படிவத்தில் வந்த 60 பதிலும் தோட்ட உரிமையாளர்களுடையது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் வரும். விடியுமுன் பால் பிடிக்கும் சிரட்டையோடு நிற்பவர் படிவம் நிரப்பமாட்டார். அதை ஓரமாக வையுங்கள்.

"இது பொறியியலா, சமூகவியலா?" என்று உங்கள் ஆய்வு வழிகாட்டி கேட்டதற்கான விடை, கேள்வியைப் பிரிப்பதில் இருக்கிறது. யார், எதில் தடுமாறுகிறார் என்பது சமூக அறிவியல். பட்டையில் விழும் ஒளி பொறியியல். தலையில் எப்படி உட்காருகிறது என்பது வடிவமைப்பு.

முதலில் ஒப்புதல் வாங்கி 12 பேரோடு வெட்டுக்குப் போங்கள். பேட்டியைவிடப் பார்ப்பதே முக்கியம். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலத்தை (கேம்பியம்) கத்தி தொடாமல், ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு பட்டை மிஞ்ச வேண்டும். வெளிச்சம் குறைந்தால் காயம் அங்கேதான் விழும். ஆகவே 20 மரத்துக்கு எத்தனை காயம் என்று எண்ணுங்கள். "வசதியா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், முகத்துக்காக.

ஒளியை லக்ஸ் மீட்டரால் (வெளிச்சம் அளக்கும் கருவி) 40 செ.மீ. தூரத்தில் அளக்கவும். போன் ஆப் வேண்டாம், போனுக்குப் போன் அளவு மாறும். மாதிரி விளக்கு மூன்று போதும், ஆனால் ஆளுக்கு ஆள் கொடுக்கும் வரிசையை மாற்றுங்கள். இல்லையேல் கடைசி விளக்கு பழக்கத்தாலேயே ஜெயிக்கும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வெட்டுக்கு மேல் கட்டும் மழைக்காப்பு இல்லாத மரத்தில் மழை நாளில் வெட்டு கிடையாது. இலையுதிர்ந்து தளிர்க்கும் நாட்களிலும் நிறுத்துவார்கள். கால அட்டவணையில் இதைக் கழித்துவிட்டு நாள் குறியுங்கள்.