கணினிக் கேள்வி பதில்: ஆலைக் கணினியில் இம்போர்ட் ஓடவில்லை

கேள்வி: இங்கே ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுப் பற்றுச்சீட்டு அடிக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினேன். மூடைக் கணக்கு, நிறை, ஈரப்பதன், அன்றைய விலை, அவ்வளவுதான். என் மடிக்கணினியில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் (Node.js) 22, அதில் நன்றாக ஓடுகிறது. ஆலையில் இருப்பது விண்டோஸ் 7, நோட் 12. அங்கே முதல் வரியிலேயே 'கெனாட் யூஸ் இம்போர்ட் ஸ்டேட்மென்ட் அவுட்சைட் எ மொடியூல்' என்று நின்றுவிடுகிறது. வேறு ஃபைலை உள்ளே எடுக்கும் எல்லா இம்போர்ட்டையும் பழைய முறையான ரிக்வயர் ஆக்கி எழுதத்தான் வேண்டுமா? காலபோக அறுவடைக்கு முதல் முடிக்க வேண்டும்.
வாசகர், பரந்தன்

பதில்: கையால் மாற்ற வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் மடிக்கணினியில் எப்படி ஓடியது என்பதை முதலில் பாருங்கள். நோட் 22.7 இலிருந்து, புரோகிராமின் விவரங்களை வைக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் நீங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும், உள்ளே இம்போர்ட், எக்ஸ்போர்ட் கண்டால் 'சரி, இது புது மொடியூல்' என்று நோட் தானாகவே ஊகித்து ஓட்டிவிடும். பழசுக்கு அந்தப் புத்தி கிடையாது. சொல்லாதவரை எல்லாமே கொமன்ஜேஎஸ் (ரிக்வயரால் ஃபைல்களை இணைக்கும் பழைய முறை) என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் 2009 இல் நோட் வந்த காலத்திலிருந்து அதன் வழக்கம் ரிக்வயர்தான். இம்போர்ட் மொழிக்குள் வந்தது 2015 இல்.

ஆலைக் கணினியில் நோட் எத்தனையாவது வெர்ஷன் என்று சரியாகப் பாருங்கள். 12.17 அல்லது அதற்கு மேல் என்றால் பேக்கேஜ் ஜேசனில் டைப் என்பதற்கு மொடியூல் என்று ஒரு வரி போட்டாலே இந்தப் பிழை போய்விடும். ஆனால் போன கையோடு வேறொன்று வரும் என்றுதான் நினைக்கிறேன். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதுகிறோமே, அந்த ஒப்ஷனல் செயினிங், அப்புறம் இரட்டைக் கேள்விக்குறி, இரண்டும் நோட் 14 இல்தான் வந்தன, நோட் 14 ஓ விண்டோஸ் 7 ஐ ஏற்காது. புது ஆட்கள் யாரும் இவை இரண்டும் இல்லாமல் பத்து வரி எழுதுவதில்லை. ஆகவே மொடியூலை மட்டும் சரிசெய்து உங்களுக்குப் பயனில்லை, தொடரமைப்பையும் சேர்த்து இறக்க வேண்டும்.

அதற்கு எஸ்பில்ட் போதும், பல ஃபைல்களை ஒன்றாக்கிப் பழைய நோட்டுக்கேற்ப மாற்றித் தரும் கருவி அது. உங்கள் மடிக்கணினியில் போட்டு, பண்டில் என்றும், பிளாட்ஃபோர்ம் நோட் என்றும், ஃபோர்மட் சிஜேஎஸ் (கொமன்ஜேஎஸ்ஸின் சுருக்கம்) என்றும், டார்கெட் நோட்12 என்றும் நான்கு ஒப்ஷன் கொடுத்து ஓட்டுங்கள். நீங்கள் எழுதிய ஃபைல்கள், இறக்கிப் போட்ட பேக்கேஜ்கள், எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைலாக வரும். அதற்குச் சிஜேஎஸ் என்று எக்ஸ்டென்ஷன் வையுங்கள், பிறகு பேக்கேஜ் ஜேசன் என்ன சொல்கிறது என்ற கவலை இல்லை. பென்ட்ரைவில் கொண்டுபோய்ப் போட்டால் சரி, ஆலையில் இணையம் இருக்கவும் தேவையில்லை. மூல நிரல் இம்போர்ட்டோடு உங்களிடமே இருக்கட்டும். விலைப் பட்டியலில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டால் அதைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள், வெளியே வந்த ஃபைலில் கைவைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் எஸ்பில்ட் செய்யாது. எழுதும் முறையை அது மாற்றும், நோட்டுக்குள் இல்லாத ஃபங்ஷனைக் கொண்டுவந்து தராது. விலையில் இருக்கிற கொமாவை நீக்க ரிப்ளேஸ்ஓல் போட்டிருந்தால் அது நோட் 15 இல் வந்தது, 12 இல் பிழைதான். இணையத்திலிருந்து தரவு எடுக்கும் ஃபெட்ச் இன்னும் பிந்தி, 18 இல். இவற்றை நீங்களே தேடிப் பார்த்து மாற்ற வேண்டும்.

இனி, கையால் மாற்றினால் என்ன நடக்கும் என்பது. விலை என்றொரு ஃபைல் வைத்து, அதில் லெட் போட்டு விலையை எக்ஸ்போர்ட் செய்து, மாற்றுவதற்கு ஒரு ஃபங்ஷனும் வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். இம்போர்ட் செய்த இடத்தில் அந்த விலை எப்போதும் உயிரோடு இருக்கும், மூல ஃபைலில் மாறினால் இங்கேயும் மாறும். அதையே சுருள் அடைப்புக்குள் பிரித்து ரிக்வயரிலிருந்து எடுத்தீர்களென்றால் கிடைப்பது அந்த நேரத்துப் பிரதி. காலையில் புரோகிராமைத் திறந்து, மத்தியானம் விலையை ஐந்து ரூபா ஏற்றிவிட்டு, பின்னேரம் வரை பழைய விலையிலேயே பற்றுச்சீட்டு அடித்துக்கொண்டிருப்பீர்கள். திரையில் ஒரு பிழைச் செய்தியும் வராது, வருவது நெல்லுக் கொண்டுவந்தவர்தான். கையால்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால், மொடியூலை முழுதாக ஒரு பெயரில் வாங்கி ஒவ்வொரு தடவையும் அதற்குள் போய் விலையைப் படிக்க வேண்டும், விலை மாறும்போதெல்லாம் எக்ஸ்போர்ட்ஸ் பொருளிலும் புது விலையை எழுத வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் சரிவராது. பேபல் (நிரலை மாற்றித் தரும் இன்னொரு கருவி), எஸ்பில்ட் இரண்டும் இதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன.

கேள்வி: பாடத்திட்டப் புரொஜெக்ட் ஒன்றில் திரையில் எழுத்துக்கு நிறம் போடும் சோக் என்ற பேக்கேஜின் ஐந்தாம் வெர்ஷனை ரிக்வயர் செய்தால் 'இஆர்ஆர் ரிக்வயர் இஎஸ்எம்' என்று வருகிறது. எங்கள் ஃபைல் எல்லாம் கொமன்ஜேஎஸ்தான். யாரில் பிழை?
மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: உங்களில் இல்லை. சோக் 5, இணையத்திலிருந்து தரவு எடுக்கும் நோட்-ஃபெட்ச் 3 இரண்டும் 2021 இல் கொமன்ஜேஎஸ்ஸைக் கைவிட்டு இஎஸ்எம்முக்கு, அதாவது இம்போர்ட் முறைக்கு, மாறியவை. நோட் 22.12 க்கு ஏறினால் ரிக்வயரே அவற்றை எடுத்துவிடும். ஏற முடியாதென்றால் சோக் 4, நோட்-ஃபெட்ச் 2 என்று இறங்குங்கள், நிறம் போட சோக் 4 க்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. மூன்றாவது வழி, ஃபங்ஷன் மாதிரி அடைப்புக்குறி போட்டு எழுதும் டைனமிக் இம்போர்ட். கொமன்ஜேஎஸ்ஸுக்குள்ளும் அது வேலை செய்யும், ஆனால் உடனே பதிலைத் தராமல் ப்ரொமிஸ் (பிறகு தருகிறேன் என்ற வாக்கு) தரும் என்பதால், காத்திருக்க அவெயிட் வேண்டும். டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதுகிறீர்களா? அதில் மொடியூல் செட்டிங் கொமன்ஜேஎஸ் என்று இருந்தால் இந்த டைனமிக் இம்போர்ட்டையும் உங்களிடம் கேட்காமலே ரிக்வயராக மாற்றிவிடும், பிறகு அதே பிழை, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த மொடியூல் செட்டிங்கை நோட்16 என்று மாற்றுங்கள்.

கேள்வி: எஸ்பில்ட் சிஜேஎஸ் ஆக்கும்போது டொப்-லெவல் அவெயிட் முடியாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. இம்போர்ட் டொட் மெட்டா பற்றியும் ஓர் எச்சரிக்கை.
வாசகர், மாங்குளம்

பதில்: ரிக்வயர் கேட்ட உடனேயே பதிலைக் கொடுத்தாக வேண்டும், காத்திருக்க அதற்கு வழியில்லை, அதனால் ஃபைலின் மேல்மட்டத்தில் அவெயிட் போட்டால் அதை மாற்ற எந்தக் கருவியாலும் முடியாது. எல்லாவற்றையும் ஓர் அசிங்க் (async) ஃபங்ஷனுக்குள் போட்டு, கடைசியில் அதைக் கூப்பிடுங்கள்.

எச்சரிக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம். ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இம்போர்ட் டொட் மெட்டா, சிஜேஎஸ்ஸில் உள்ளே ஒன்றுமில்லாத பொருளாகிவிடும், அதிலிருந்து ஃபோல்டர் பாதையை எடுக்கிற வரி ஓடும்போதுதான் விழும். அந்த இடத்தில் டிர்நேம் போடுங்கள், முன்னால் இரண்டு அடிக்கோடு. பண்டில் ஆன பிறகு அது காட்டுவது வெளியே வந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை, ஆகவே தரவு ஃபைலையும் அதற்குப் பக்கத்திலேயே வையுங்கள்.