மஞ்சள் மாத்திரை மூளையைக் காக்குமா?

கேள்வி: கல்லீரல் சுருக்க நோயுள்ள என் தந்தை இரவில் விழித்திருந்து பகலில் உறங்குகிறார், கையெழுத்தும் கோணலாகிவிட்டது. மஞ்சள் சத்து மாத்திரை கொடுத்தால் மூளைக்கு நல்லது என்கிறார்களே, கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் கவனித்த இரண்டுமே கல்லீரல் பாதிப்பால் மூளை மயங்கத் தொடங்குவதன் அடையாளங்களாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால், அவை பறவைச் சிறகுபோல் படபடக்கின்றனவா என்று அவர் பார்ப்பார்.

குடலில் உருவாகும் அம்மோனியாவை நலிந்த கல்லீரலால் முழுதாக அகற்ற முடியாதபோது, அது இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, அங்குள்ள நட்சத்திர வடிவ உயிரணுக்களை வீங்கச் செய்து, ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் தூண்டுகிறது. மஞ்சளின் குர்குமின் போன்ற தாவரப் பொருள்கள் இச்சேதத்தைக் குறைப்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் செய்திதான் என்றாலும், நோயாளிகளுக்கு அதையே சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை. மேலும், உறிஞ்சப்படுவதற்காக மிளகுச் சத்து சேர்த்த செறிவான மஞ்சள் மாத்திரைகளே சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியிருக்கின்றன. எனவே மாத்திரை வேண்டாம். குழம்பில் இடும் மஞ்சளுக்குத் தடையில்லை.

இந்த மயக்கத்துக்கு இன்று முதன்மை மருந்து, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் கரைசலே. நாளுக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாக மலம் போகும்படி அதன் அளவை அமைப்பார்கள். மலச்சிக்கல் இந்த மயக்கத்தைத் தூண்டும் என்பதால் அதை ஒருநாளும் அலட்சியப்படுத்தாதீர்கள். புரதம் அம்மோனியாவைக் கூட்டிவிடுமோ என்ற பயத்தில் பருப்பையும் தயிரையும் நிறுத்திவிடும் வழக்கமும் தவறு. புரதம் குறைந்தால் தசை கரையும், அம்மோனியாவை அகற்றத் தசை செய்யும் உதவியும் அதோடு போய்விடும்.