கணினி கேள்வி பதில்: பட்டனை அழுத்தினால் கிளம்பவில்லை

கேள்வி: உதிரிகளை வாங்கி நானே கணினி பூட்டினேன். பவர் பட்டனை அழுத்தியதும் விசிறிகள் அரை நொடி சுற்றி நின்றுவிடுகின்றன. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்புற ஸ்விட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மீண்டும் அதே அரை நொடி. கடையில் ‘மதர்போர்டு போயிடுச்சு’ என்கிறார்கள். வாங்கி 4 நாள்தான் ஆகிறது.
- சேலம் வாசகர்

பதில்: போர்டு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அரை நொடி சுற்றி நிற்பதும், ஸ்விட்சை அணைத்துப் போடும் வரை அசையாமல் கிடப்பதும் எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கொண்டதன் அடையாளம். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அது தெரிந்துதான் மின்சாரத்தை நிறுத்துகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் ப்ராசஸருக்குப் போகும் 8 பின் இணைப்பைப் பாருங்கள். அது 4+4 ஆகப் பிரியும் கேபிளா, 6+2 ஆகப் பிரியும் கேபிளா? 6+2 என்பது கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ப்ராசஸர் கேபிளில் கிளிப் இருக்கும் வரிசை 12 வோல்ட், மற்றது கிரவுண்ட். கிராபிக்ஸ் கேபிளில் அப்படியே தலைகீழ். பின்களின் வடிவம் தடுக்கும் என்றாலும், பலத்தை எல்லாம் கூட்டி அழுத்தினால் நுழைந்துவிடும். நுழைந்தால் நேரடி ஷார்ட். இணைப்பான் எதுவாக இருந்தாலும் மிதமான அழுத்தத்தில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். அடம் பிடித்தால் அது வேறு இடத்துக்கான கேபிள்.

கேபிள் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் மீது. போர்டின் திருகுத் துளைகள் ஏடிஎக்ஸ் அளவுக்கு ஒரு விதம், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவுக்கு ஒரு விதம். கேபினெட்டில் ஏற்கெனவே முறுக்கி வைத்திருக்கும் கால்களில் ஒன்று, துளையே இல்லாத இடத்தில் போர்டின் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டு நிற்கலாம். போர்டைக் கழற்றித் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈயப் பற்றுகளின் மேல் சின்ன வளையமாகக் கீறல் தெரிந்தால் முட்டிய இடம் அதுதான். ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு துளை இருக்க வேண்டும். மிச்சமுள்ள காலைக் கழற்றிவிடுங்கள். கை தவறி விழுந்த திருகு போர்டுக்கு அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கத் தகட்டில் இருக்கும் மெல்லிய நாக்குகளில் ஒன்று யுஎஸ்பி துளைக்குள் மடங்கி நுழைந்திருந்தாலும் ஷார்ட்தான்.

இத்தனையும் ஒரே அடியில் சோதிக்க வழி, கேபினெட்டுக்கு வெளியே வைத்து ஓட்டுவது. போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். (பளபளப்பான பை வேண்டாம், லேசாக மின்சாரம் கடத்தும் பைகளும் உண்டு.) ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், 24 பின், 8 பின் கேபிள்கள் மட்டும் போதும். கூலர் விசிறி ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய பின்னில் இருக்கட்டும். ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி ஒயர்கள் எதுவும் வேண்டாம். பவர் ஸ்விட்ச் ஒயருக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் முனையால், அந்த ஒயர் சொருகும் இரண்டு பின்களை ஒரு நொடி தொட்டு எடுங்கள்.

விசிறி நிற்காமல் ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு கேபினெட்டிலோ கழற்றி வைத்த உதிரிகளிலோ. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் ஆள். வெளியிலும் அரை நொடியில் நின்றால் 8 பின்னை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போது விசிறி ஓடிக்கொண்டே இருந்தால் ஷார்ட் ப்ராசஸருக்கு மின்சாரம் போகும் பகுதியில் இருக்கிறது. அந்த நிலையில் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம், வாரன்டியில் மாற்றக் கேளுங்கள். ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் பிளக்கை உருவிவிட்டு, பவர் ஸ்விட்ச் பின்களை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு மிச்ச மின்சாரத்தை வெளியேற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: என்னுடையதில் அரை நொடிகூட இல்லை. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை.
- காரைக்குடி வாசகர்

பதில்: ஸ்பைக் பஸ்டரைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச் ‘I’ பக்கம் இருக்க வேண்டும். 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230.

அடுத்து முன்பக்க ஒயர்கள். அவற்றைச் சொருகும் 9 பின் தொகுதியில் பெரும்பாலான போர்டுகளில் ஒரு மூலையில் பின் இல்லாமல் காலியாக இருக்கும். அந்தக் காலியிடம் இருக்கும் வரிசையில், அதை ஒட்டிய இரண்டு பின்களே பவர் ஸ்விட்ச். ஒரு பின் தள்ளிச் சொருகினாலும் பட்டன் வேலை செய்யாது. ஒயரை உருவிவிட்டு அந்த இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளம்பினால், ஒயரைத் தப்பாகச் சொருகியிருக்கிறீர்கள் அல்லது பட்டனே பழுது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க, பிளக்கை உருவிய நிலையில் 24 பின் கேபிளின் பச்சை ஒயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுப்பார்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் ஒயர் 11.4க்கும் 12.6க்கும் இடையே காட்ட வேண்டும். உங்கள் கேபிள் முழுக்கக் கறுப்பாக இருந்தால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பின்னை எண்ணித் தப்பினால் நீங்களே ஷார்ட் செய்தவராவீர்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை, அதன் சொந்தக் கேபிள்களோடு இரவல் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: எல்லா விசிறியும் ஓடுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. ஐ5-12400எஃப், கிராபிக்ஸ் கார்டு உண்டு.
- வேலூர் வாசகர்

பதில்: எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் ப்ராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது; போர்டின் துளையில் படம் வராது. கேபிளை கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள், கார்டுக்கான 6+2 கேபிளும் போட்டிருக்கிறதா பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸருக்கும் இதே கதைதான். 5600ஜி என்றால் போர்டிலேயே படம் வரும்.

கேள்வி: ஏஎம்5 போர்டு (புதிய ரைசன்களுக்கானது), டிடிஆர்5 ராம் 2 போட்டேன். போர்டில் ராம் கோளாறைக் காட்டும் ‘டிராம்’ விளக்கு எரிகிறது, 3 நிமிடமாகத் திரை கறுப்பு. அணைத்து அணைத்துப் போட்டும் பலனில்லை.
- திருநெல்வேலி வாசகர்

பதில்: அணைப்பதுதான் சிக்கல். முதல் முறை கிளம்பும்போது இந்தப் போர்டுகள் ராமோடு எந்த நேர அளவில் பேசுவது என்று தாமே சோதித்துப் பார்க்கும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை திரையில் எதுவும் வராது. பாதியில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். 15 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் ராமைப் பாருங்கள். ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆம் துளைகளில் இருக்க வேண்டும். பல போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம் மட்டுமே அசையும். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவோம். மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் தங்க நிறப் பற்று ஒரு முனையில் மட்டும் எட்டிப் பார்க்கும். இரு முனையையும் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். பிறகு 2ஆம் துளையில் ஒரே ராம் வைத்துக் கிளப்பிப் பாருங்கள்.

கேள்வி: பி450 போர்டு, ரைசன் 5 5600. போர்டில் ப்ராசஸர் கோளாறைக் காட்டும் ‘சிபியு’ விளக்கு அணைவதே இல்லை.
- ஓசூர் வாசகர்

பதில்: அந்தப் போர்டு வகை 2018இல் வந்தது, ப்ராசஸர் 2022இல். கடையில் தூங்கிய பழைய போர்டுக்கு உங்கள் ப்ராசஸரை அடையாளம் தெரியாது. தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் ப்ராசஸர் பட்டியலில் எந்த பயாஸ் (போர்டைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு தேவை என்று இருக்கும். போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் அந்த ஃபைலை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில், கையேட்டில் சொன்ன பெயரில் வைத்து, குறியிட்ட யுஎஸ்பி துளையில் சொருகி பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுக்கி முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது; யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். பட்டன் இல்லாத போர்டு என்றால் பழைய ரைசன் ஒன்றை மாட்டித்தான் பயாஸை மாற்ற முடியும். அதை விற்ற கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.