நெட்வேர் நல்ல பொருள்தான், பங்கு ஏன் தேறவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகக் கணினிகளை இணைத்துக் கோப்புகளைப் பகிர உதவும் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் இயங்குதளம் ஓடிய சர்வர்களைப் பதினோரு ஆண்டுகள் பராமரித்தவன் நான். 1997இல் எரிக் ஷ்மிட் நோவெல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றதும், சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு அதன் பங்குகளை வாங்கினேன். 1999இல் விலை ஏறியபோதும் விற்கவில்லை. மைக்ரோசாஃப்டின் சர்வர் இயங்குதளமான விண்டோஸ் என்டியைவிட நெட்வேர் மேலானது என்பதை அன்றாடம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களும் இதை உணர ஓரிரு ஆண்டுகள் ஆகும், அவ்வளவுதான் என்று நம்பினேன். 2001இல் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது என் மகள் ஒரு சிறிய நெட்வொர்க் மென்பொருள் நிறுவனத்தின் பங்குகளை வாங்கலாமா என்று கேட்கிறாள். அந்தத் துறையில் பெரிய நிறுவனம் ஒன்றே கோலோச்சுகிறது. ஆனால் சிறிய நிறுவனத்தின் பொருள்தான் சிறந்தது என்று அவளோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்களாம். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பொருளைப் பற்றி அன்று நான் நினைத்தது தவறா? தவறில்லை என்றால் எதைக் கவனிக்காமல் விட்டேன்?

அன்புடன்,
கே.

---

அன்புள்ள கே.,

பொருளைப் பற்றி நீங்கள் நினைத்தது தவறில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பங்கில் பணத்தை இழந்தவர்கள் பிற்பாடு பொருளையே பழிக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். நெட்வேரைப் பற்றி அப்படி யாராவது பேசினால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நானும் அந்தக் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்தவன்தான். சில நிமிடங்கள் விசைப்பலகையைத் தொடாமல் விட்டால் திரையில் ஒரு பாம்பு ஊரத் தொடங்குமே, நினைவிருக்கிறதா? சர்வருக்கு வேலை கூடக் கூடப் பாம்பின் வால் நீளும், ஓட்டமும் வேகமெடுக்கும். காலையில் அறைக் கதவைத் திறந்து அதை ஒரு பார்வை பார்த்தாலே அலுவலகத்தில் வேலை எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். இன்றைய கணக்கில் கைக்கடிகாரத்துக்குக்கூடப் போதாத நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஓர் அலுவலகத்துக்கே கோப்புகளை எடுத்துக் கொடுத்த இயந்திரம் அது. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும். 1993இல் நெட்வேர் 4 உடன் வந்த என்டிஎஸ் டைரக்டரியில், பயனர்கள், பிரிண்டர்கள், சர்வர்கள் என்று நிறுவனம் முழுவதையும் ஒரே மரமாக வைத்து நிர்வகிக்கலாம். மைக்ரோசாஃப்ட் அதற்கு ஈடாக ஆக்டிவ் டைரக்டரியைக் கொண்டுவந்தது 2000 பிப்ரவரியில், விண்டோஸ் 2000 உடன். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் நோவெல் முன்னால் இருந்தது.

அந்த ஏழு ஆண்டுகளில்தான் சந்தை கைமாறியது. எப்படி என்பதற்கு என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குப் புதிய மென்பொருள் வாங்க முடிவு செய்தார்கள். விற்க வந்தவரிடம், இது நெட்வேரில் ஓடுமா என்று கேட்டேன். "தரவுத்தளம் என்டியில்தான் ஓடும். உங்கள் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அதை நாங்கள் தொட மாட்டோம்" என்றார். உண்மையிலேயே தொடவில்லை. பாம்பு ஊர்ந்துகொண்டிருந்த திரைக்குப் பக்கத்தில் ஒரு என்டி இயந்திரத்தை வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு மின்னஞ்சல் சர்வரும் அப்படியே வந்தது. ஒருநாள் மேலாளர் அந்த அறைக்குள் வந்து, "கோப்புகளையும் இதிலேயே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு இரண்டுக்கும் உரிமத் தொகை கட்டுகிறோம்?" என்று கேட்டார். வேகம், நம்பகத்தன்மை, டைரக்டரி என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு உரிமங்களுக்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.

அந்தத் தாளை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த நிலையிலும் யாரும் நெட்வேரையும் என்டியையும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று ஒப்பிடவே இல்லை. கணக்கு மென்பொருளை எழுதியவர்கள் என்டிக்கு எழுதினார்கள், அதனால் என்டி உள்ளே வந்தது. நெட்வேருக்கு அவர்கள் ஏன் எழுதவில்லை? நெட்வேரில் ஓடும் நிரல்களை என்எல்எம் என்ற நெட்வேருக்கே உரிய வடிவில் எழுத வேண்டும். வேகத்துக்காக அவை இயங்குதளத்தின் கருவோடு ஒரே நினைவகப் பரப்பில் ஓடின, நடுவே பாதுகாப்புச் சுவர் கிடையாது. யாரோ எழுதிய ஒரு நிரலில் பிழை இருந்தால் சர்வரே 'அபெண்ட்' என்று சொல்லி நின்றுவிடும். பத்து என்எல்எம்களை ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய நிர்வாகியை நான் பார்த்ததில்லை. மேசைக் கணினிக்கு விண்டோஸ் நிரல் எழுதத் தெரிந்தவர்களோ, கற்றதை வைத்தே என்டிக்கும் எழுதிவிட முடிந்தது. அப்படிப்பட்டவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். என்எல்எம் எழுதத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஊழியர்களின் மேசைகளில் இருந்தது விண்டோஸ். அதிலிருந்து நெட்வேர் சர்வரை அடைய ஒரு கிளையன்ட் மென்பொருள் தேவை. விண்டோஸ் 95இல் மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய நெட்வேர் கிளையன்ட் உள்ளேயே இருந்தது. என்டி சர்வரிலும் நெட்வேருக்குப் போகும் வாயில் ஒன்று, நெட்வேரிலிருந்து குடிபெயர்வதற்கான கருவி ஒன்று என்று வழியெல்லாம் போட்டுவைத்திருந்தார்கள். ஒவ்வொரு புதிய விண்டோஸ் வரும்போதும் நோவெல் தன் கிளையன்டைத் திருத்திக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது. தன் வாடிக்கையாளரின் மேசையைப் போட்டியாளரின் தயவில்தான் நோவெலால் அடைய முடிந்தது.

அப்போது நோவெலின் தலைவராக இருந்த ரே நூர்டாவுக்கு இது தெரியாமல் இல்லை. 1991இல் இயங்குதள நிறுவனமான டிஜிட்டல் ரிசர்ச், 1993இல் ஏடி அண்ட் டியிடமிருந்து யூனிக்ஸ் இயங்குதளத் தொழில், 1994இல் ஆவணம் எழுதும் மென்பொருளான வேர்ட்பெர்ஃபெக்ட் என்று வாங்கி, மைக்ரோசாஃப்டின் ஒவ்வொரு களத்திலும் ஒரு படையை இறக்கப் பார்த்தார். அவர் விலகிய பிறகு யூனிக்ஸ் தொழிலும் வேர்ட்பெர்ஃபெக்ட்டும் கைவிட்டுப் போயின. வேர்ட்பெர்ஃபெக்ட் 1996இல் கோரல் நிறுவனத்துக்குப் போனபோது கிடைத்தது, வாங்கிய விலையில் சிறு பகுதிதான். அந்த ஆண்டுகளில் பணமும் கவனமும் நெட்வேரில் நிரல் எழுதுவதை எளிதாக்கச் செலவாகியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு ஆற்றாமை உண்டு. இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான டிசிபி/ஐபியைத் தன் இயல்பான மொழியாக நெட்வேர் ஏற்றது 1998இல், ஐந்தாம் பதிப்பில்தான். உலகம் அதற்குள் இணையத்தில் குடியேறியிருந்தது.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். 1997இல் நீங்கள் வாங்கியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஷ்மிட் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வந்தவர், தொழில்நுட்பம் அறிந்தவர். நிறுவனத்தின் கையில் சுமார் 100 கோடி டாலர் ரொக்கமும் குறுகிய கால முதலீடுகளும் இருந்தன. 1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறை மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்தபோது, இனி நோவெலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்ற பேச்சு பரவியது. 1999 நிதியாண்டின் வருவாய் சுமார் 127 கோடி டாலருக்கு உயர்ந்தது. ஊகிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் கவனித்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் அப்போதே பொதுவெளியில் இருந்தன. 1997இல் ஷ்மிட் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, விநியோகஸ்தர்களுக்குச் சரக்கு அனுப்புவதைக் குறைத்தது. அவர்களிடம் நெட்வேர் பெட்டிகள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. முந்தைய காலாண்டுகளில் விற்பனை என்று கணக்கில் வந்ததில் ஒரு பகுதி பயனரின் கைக்கே போய்ச்சேரவில்லை என்றுதானே இதற்குப் பொருள்? இரண்டாவது, 1999இன் வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது. 2000 பிறந்ததும் பழைய கணினிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற 2000ஆம் ஆண்டுக் கோளாறுக்குப் பயந்து பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்கள் புதியதற்கு மாறிய காலம் அது. நானே அப்படி மாற்றினேன். ஆனால் அந்த ஆண்டில் ஒரு புதிய அலுவலகத்துக்கு நெட்வேர் நிறுவிக் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. நீங்கள் நிறுவினீர்களா? 2000 மே மாதம் எதிர்பார்த்த வருவாய் வராது என்று நோவெல் அறிவித்தது, பங்கு தடாலென விழுந்தது.

நீங்கள் கவனிக்காமல் விட்டது இதுதான் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்களை அன்றாடம் பார்த்தீர்கள், அவை அருமையாக ஓடின. புதிதாக வாங்குபவர்கள் உங்கள் அறைக்கு வரவே இல்லை, ஆகவே அவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லாமல் போயிற்று. பொருளின் மேல் அன்பு உள்ளவர்களுக்கு இந்தத் திசை மறைந்துவிடுகிறது. எனக்கும் மறைந்திருந்தது. என்னிடம் அன்று போட சேமிப்பு இல்லை, அதனால் மட்டுமே தப்பினேன்.

ஆகவே மகளிடம், சக ஊழியர்கள் எந்தப் பொருளைப் புகழ்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, வருவாயில் புதிய வாடிக்கையாளர்களின் பங்கு எவ்வளவு, பழையவர்கள் புதுப்பித்ததில் வந்தது எவ்வளவு என்று பார்க்கட்டும். பிரித்துச் சொல்ல நிறுவனம் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளட்டும். அதன் மேல் பிறர் எதையாவது கட்டி விற்கிறார்களா, அல்லது பெரிய நிறுவனத்துக்கு முதலில் எழுதிவிட்டு இதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்களா? வாடிக்கையாளரை அடையும் வழியில் அந்தப் பெரிய நிறுவனத்தின் கதவு எங்காவது குறுக்கே நிற்கிறதா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் வாங்கட்டும். சிறிய நிறுவனங்கள் எல்லாம் தோற்கத்தான் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நீங்கள் ஒருமுறை நஷ்டப்பட்டீர்கள் என்பதற்காக அவளைத் தடுக்காதீர்கள்.

நீதிமன்றத்தை நம்பி வாங்குவதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். நெட்வேர் தொடர்பான புகார்களுக்காக மைக்ரோசாஃப்ட் நோவெலுக்கு 53.6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது உண்மைதான். ஆனால் அது 2004இல். நீங்கள் விற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

2001இல் விற்றது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2011இல் அட்டாச்மேட் நிறுவனம் நோவெலை வாங்கியபோது பங்குக்கு 6.10 டாலர் கொடுத்தது. அதையொட்டி நோவெலின் 882 காப்புரிமைகள், மைக்ரோசாஃப்ட் ஒருங்கிணைத்த ஒரு குழுவுக்கு 45 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் என்டிஎஸ் இன்னும் இருக்கிறது. இடிரெக்டரி என்று பெயர் மாறி, மைக்ரோ ஃபோகஸ் வழியாக 2023இல் ஓபன்டெக்ஸ்ட் கைக்குப் போயிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நீங்களும் நானும் கிளை கிளையாக வரைந்த அதே மரம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்