புதிய டிபி பாக்ஸில் (மின் விநியோகப் பெட்டியில்) மெக்கர் வைத்தால் ரீடிங் ஏன் சரிகிறது?

வயரின் பிவிசி உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பதுதான் இன்சுலேஷன் டெஸ்ட். அதற்கான கருவியான மெக்கர் 500 வோல்ட் டிசி கொடுத்து, கசிவைப் பார்த்து மெகாஓமில் காட்டும். குழாய் முனையை அடைத்துவிட்டுத் தண்ணீரை முழு அழுத்தத்தில் திறந்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது போல.

பிரிட்டனின் பிஎஸ் 7671 வயரிங் விதிப்படி 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. நல்ல புது வயரிங்கில் 200-ஐத் தாண்டும். 2 அல்லது 3 வந்தால் விதி அனுமதித்தாலும் காரணத்தைத் தேடுவதே சரி. ஈரம், ஆணி துளைத்த கேபிள், பழைய ஜாயின்ட் என ஏதோ ஒன்று இருக்கும்.

புதிய பெட்டிகளில் சிக்கல் வேறு. திடீர் வோல்டேஜ் ஏற்றத்திலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டரில் உள்ள வேரிஸ்டர் (வோல்டேஜ் கூடினால் கடத்தும் பாகம்) 500 வோல்ட்டில் தானே கடத்தத் தொடங்கும். வயரில் குறையே இல்லாமல் ரீடிங் விழும். ஆர்சிபிஓவுக்குள் (கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் ட்ரிப் ஆகும் பிரேக்கர்) இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கெட்டும் போகலாம். எனவே மெயினை அணைத்துப் பூட்டி, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்யுங்கள். சர்ஜ் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, ஆர்சிபிஓவிலிருந்து வெளியே போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரியுங்கள். பிளக், எல்இடி, டிம்மர் எல்லாம் நீங்கிய பிறகே ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், ஃபேஸ்–நியூட்ரல் அளக்க வேண்டும். சுவிட்சுகள் ஆனில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அதற்கப்பால் உள்ள வயர் சோதிக்கப்படாது. சர்ஜ் கருவியைக் கழற்றவே முடியாவிட்டால் 250 வோல்ட்டில் செய்யலாம், அப்போதும் 1 மெகாஓம் வேண்டும்.

மல்டிமீட்டரின் ஓம் அளவீடு இதற்கு ஈடாகாது: அது கொடுப்பது சில வோல்ட் மட்டுமே, 230 வோல்ட்டில் கசியும் உறை அதில் நல்லதாகவே தெரியும்.