அந்தத் தட்டுதான் உங்கள் வழக்கு

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு கிளினிக்கில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டேன். 3,000 கிராஃப்ட் (பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து நடும் முடி), 11 மணி நேரம். நடுவில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். எடுத்து வைத்த கிராஃப்ட் ஏசிக்குக் கீழே ஒரு தட்டில் திறந்தே கிடந்தது. பாதிகூட முளைக்கவில்லை. ‘உங்கள் உடல்வாகு அப்படி’ என்கிறார்கள். வழக்குப் போட கோவைக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு. ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பத்திரம். இன்னும் 10 மாதம் இருக்கிறது.

முளைக்கவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகிவிடாது. கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு நீங்கள் பார்த்த அந்தத் தட்டுதான் ஆதாரம். தோலிலிருந்து பிரித்த கிராஃப்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. குளிர்ந்த சலைனில் (மருத்துவ உப்புநீரில்) மூழ்கியிருந்தால் பல மணி நேரம் தாங்கும். காற்றுப்பட்டு உலர்ந்தால் சில நிமிடங்களிலேயே கெடத் தொடங்கும். ‘நீண்ட ஆபரேஷன், சிலது போகத்தான் செய்யும்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். 1992இல் அமெரிக்க மருத்துவர் லிம்மர் சோதித்தபோது, குளிர்ந்த சலைனில் 6 மணி நேரம் இருந்தவற்றில் 86 சதவீதமும், 24 மணி நேரம் இருந்தவற்றில்கூட 79 சதவீதமும் பிழைத்தன. அப்படியிருக்க, பாதிக்குமேல் போனதற்கு நேரத்தை மட்டும் பழி சொல்ல முடியாது.

வக்கீல் நோட்டீசுக்கு முன் சிகிச்சை ஃபைலைக் கைப்பற்றுங்கள். உங்கள் சிகிச்சைப் பதிவுகள் முழுவதையும் பதிவுத் தபாலில் கேளுங்கள். 2002 மருத்துவ கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்; 3 ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். முதல் கிராஃப்ட் எடுத்தது எத்தனை மணிக்கு, கடைசியாக நட்டது எத்தனை மணிக்கு, எந்தத் திரவத்தில் வைத்தார்கள், நட்டது டாக்டரா உதவியாளரா என்று பாருங்கள். எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதையும் ஆணையத்தின் முன் வைப்போம்.

அப்புறம், அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் தலையைக் காட்டி, முளைத்தது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மதியத்தையும் இன்றே எழுதி வையுங்கள்: தட்டில் ஈரத்துணி இருந்ததா, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினார்கள், உங்களுடன் வந்தவர் யார்.

‘இலவசமாக மறுபடி செய்கிறோம்’ என்று கூப்பிட்டால், எல்லாம் தீர்ந்தது என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பின்மண்டையில் எடுத்த வேர் அங்கே திரும்ப முளைக்காது. மீதமிருப்பதையும் அதே கைகளில் கொடுக்கும் முன் வேறொரு மருத்துவரிடம் கேளுங்கள்.