மறதி இருக்கிற பிள்ளை மருத்துவம் படிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை குலசேகரத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வரைக்கும் வந்திருந்தீர்கள். கிளம்பும்போது அவள் படியிறங்கிப் போகட்டும் என்று காத்திருந்து, மெதுவாக ஒன்று கேட்டீர்கள். "பிள்ளைக்கு மண்டையில ஒண்ணும் நிக்கமாட்டேங்குது டீச்சர். நீட்டை விட்டுட்டு வேற ஏதாவது படிக்கச் சொல்லட்டா?" அன்றைக்குக் கூட்டம். அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன். மகளும் கூட இருந்து வாசிக்கட்டும்.

அவளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று நான் நினைக்கவில்லை. குறை படிக்கும் விதத்தில் இருக்கிறது, அதை மாற்றிவிடலாம்.

அவளுடைய உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன். சிறுநீரகப் பாடத்தில் மஞ்சள் மார்க்கர் படாத வரி பக்கத்துக்கு நாலைந்துதான் தேறும். எத்தனை தடவை படித்தாய் என்றேன். ஆறு தடவை என்றாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, சிறுநீரகத்தின் நுண்குழலில் இருக்கிற ஹென்லே வளைவில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னேன். மூன்று வரி எழுதினாள். நாலாவது வரியில், இறங்கும் தூம்பில் உப்பு வெளியேறும், ஏறும் தூம்பில் தண்ணீர் வெளியேறும் என்று மாற்றி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. ஆறு தடவை கண்ணால் பார்த்த வரிதான், ஆனால் ஒரு தடவைகூட அதை அவள் மனதிலிருந்து எடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு நான் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. குளச்சலில் ஆச்சி கருவாடு போடுவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. "உப்பு போட்டு அடுக்கினா மீன்லருந்து தண்ணி விட்டு வரும்" என்றாள். சரி, ஹென்லே வளைவு இறங்குகிற பகுதியைச் சுற்றி உப்புச் செறிவு கூடிக்கொண்டே போகிறதே, அப்போது குழலுக்குள் இருக்கிற தண்ணீர் என்ன செய்யும்? ஒரு நிமிடம் யோசித்தாள். தாளை இழுத்துத் தானே அடித்துத் திருத்தினாள். இறங்கும் தூம்பில் தண்ணீர், ஏறும் தூம்பில் உப்பு. புதன்கிழமை போனில் திடீரென்று கேட்டேன், மூச்சு விடாமல் சொன்னாள். மண்டையில் நிற்காத பிள்ளை இப்படிச் சொல்லுமா அக்கா?

நம் மனதில் ஒரு நேரத்தில் கையாள முடிந்தது மிகக் கொஞ்சம், சுமார் நாலு விஷயம்தான். அதைத் தாண்டி வருவது வழிந்துவிடும். நீண்டகால நினைவுக்கு அப்படியொரு எல்லையை யாரும் கண்டதில்லை. ஆனால் அங்கே புதிதாக ஒன்று போய்ச் சேர, ஏற்கெனவே அங்கிருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கருவாடு அவள் மனதில் பத்து வருடமாக இருக்கிறது, நெஃப்ரான் என்கிற அந்தச் சிறுநீரக நுண்குழல் அதைப் பிடித்துக்கொண்டது. ஆகவே மனப்பாடம் செய்வதற்கு முன்னால் "இது எதைப் போல?" என்று அவள் ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும்.

மறப்பதைப் பற்றி ரொம்பவே பயந்துபோயிருக்கிறீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறுபடி அதே பட்டியலைப் படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரம் கழித்துப் பாதிக்கும் குறைவு, ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. சரிவு பெரும்பாலும் முதல் நாளில்தான். அதற்கப்புறம் மெதுவாகத்தான் குறைகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மாதம் கழித்தும் படிப்பதற்கான உழைப்பில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்றால், மறந்தது என்று நாம் நினைப்பது முழுக்க அழிந்துவிடவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான் உங்கள் மகளுக்கும் நடக்கிறது.

மகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டது. ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், சராசரியாகப் பதினான்கு தடவை. இன்னொரு கூட்டம் மூன்று நாலு தடவை படித்துவிட்டு, மீதி நேரத்தில் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிகம் நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். மஞ்சள் மார்க்கர் கொடுக்கிற நம்பிக்கையும் அப்படிப்பட்டதுதான். பிளஸ் ஒன்னில் ஜூனில் படித்தது இரண்டு வருடம் கழித்து மே மாதம் நீட் தேர்வில் வரும். 180 நிமிடத்தில் 180 கேள்வி, பாதி உயிரியல். அங்கே ஐந்து நிமிட ஞாபகம் எதற்கு?

ஒரே மூச்சில் படிப்பது ஏன் நிற்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி ஏப்ளிசியா என்ற கடல் நத்தையை வைத்து இதை ஆராய்ந்தார், 2000-ல் நோபல் பரிசும் பெற்றார். குறுகிய கால நினைவுக்கு நரம்பணுக்களுக்கிடையே இருக்கிற இணைப்பு கொஞ்ச நேரம் வலுப்பட்டால் போதும். நீண்டகால நினைவுக்கு அணுவுக்குள் மரபணுக்கள் வேலை செய்து, புதுப் புரதம் உண்டாகி, புதிய இணைப்புகள் முளைக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். இடைவெளி விட்டுப் பயிற்சி கொடுத்தால் அந்த நத்தைக்கே நினைவு நீடிக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ரப்பர் மரத்தில் ஒரு நாள் பால் வெட்டினால் மறுநாள் அந்த மரத்தை ஏன் விடுகிறார் என்று. தினமும் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். படிப்பையும் அப்படி விட்டு விட்டுத் தொட வேண்டும். இன்று படித்த பாடத்தை நாளை ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம், ஒரு மாதம். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடி வைத்து வெள்ளைத் தாளில் எழுதிவிட்டு, பிறகுதான் திறந்து சரிபார்க்க வேண்டும். சமையலறையில் தொங்குகிற காலண்டரில் பாடத்தின் பெயரைக் குறித்து வையுங்கள், போதும்.

அப்பா விடியற்காலையில் பால் வெட்டக் கிளம்பும்போதே மூன்று மணிக்கு எழுந்திருக்கிறேன், தூங்குவது பதினொன்றரை என்றாள். இதை முதலில் நிறுத்துங்கள். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான். ஏழு மணி நேரமாவது தூங்க விடுங்கள். ஞாபகசக்திக்கு என்று விற்கிற பவுடர், லேகியம் வாங்குகிற காசுக்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1953-ல் அமெரிக்காவில் ஒருவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன் பிறகு நடந்ததை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, முந்தின நாள் வரைந்ததே நினைவில்லாமலும் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். கை கற்பது வேறு வழி. உங்கள் மகள் உங்களோடு பேசிக்கொண்டே, பார்க்காமலே பிச்சிப்பூ கட்டுவாள் என்றீர்களே, அதுவும் கற்றதுதான். அந்தக் கை நாளைக்கு ஊசி போடவும் தையல் போடவும் பழகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீட்டை இப்போது விடவேண்டாம். மறதிக்குப் பயந்து வேறு படிப்புக்கு மாறினாலும் மறதி கூடவே வரும். நர்சிங்கில் மருந்தின் அளவையும், பி.காமில் வரிச் சட்டத்தையும் நினைவில் வைக்கத்தானே வேண்டும்? மருத்துவம் அவளுக்குப் பிடிக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி, அதை அவளிடம் நான் தனியாகக் கேட்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்றீர்கள், ஆகவே 2020 முதல் நடைமுறையில் இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு வாய்ப்பு இருக்கிறது. பள்ளியில் சான்றிதழுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நர்சிங், பிசியோதெரபி விண்ணப்பங்களையும் கூடவே போடலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

அந்தக் கோச்சிங் சென்டரில் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள் என்றீர்கள். கட்டாதீர்கள். காலாண்டுத் தேர்வு வரை நான் சொன்னபடி படிக்கட்டும், மார்க்கைப் பார்த்துவிட்டு நாம் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். எழுதித் திருத்திய தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுவரட்டும், தப்பாக எழுதியதையும் சேர்த்து.